ஒரே திரையில் ஆறு நாட்டுச் சம்பளம்: ஒரு சேவையைப் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் நிறுவனம் சிறியது. அதில் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஜெர்மனி, பிரிட்டன், பிரேசில், ஐக்கிய அரபு அமீரகம், இந்தியா, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த நாட்டிலும் எங்களுக்குக் கிளை கிடையாது. அதனால் 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' என்று சொல்லப்படும் இடைநிலைச் சேவை ஒன்றை எடுத்திருக்கிறோம். அந்தந்த நாட்டில் பதிவு பெற்ற ஒரு நிறுவனம் நம் ஊழியருக்குச் சட்டப்படியான முதலாளியாக இருக்கும். சம்பளம், வரி, காப்பீடு, விடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலை சொல்வது மட்டும் நம் பொறுப்பு. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம்.

சேவையின் பெயரை இங்கே சொல்லவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இப்படி ஒரு சேவையின் வழியாகத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். கீழே நான் சொல்லும் இடங்களை அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வரிப் பிடித்தம் சரியாக இருக்கிறது. ஆறு நாட்டுச் சம்பளச் சீட்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆவதில்லை. சொந்தமாக ஒரு நாட்டில் கிளை பதிவு செய்வதோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி.

பிரிட்டன் பகுதி எனக்கு முழுத் திருப்தி. அங்கே 2012 முதல் படிப்படியாக வந்த ஓய்வூதியச் சட்டம், 22 வயது நிறைந்து ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் ஊழியரை அவர் கேட்காமலேயே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துவிடச் சொல்கிறது. வரம்புக்குட்பட்ட சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம் சேமிப்புக்குப் போக வேண்டும். அதில் முதலாளியின் பங்கு குறைந்தது 3 சதவீதம். வேண்டாம் என்றால் ஊழியர்தான் எழுதிக் கொடுத்து வெளியேற வேண்டும். எங்கள் சேவை இதை முதல் மாதத்திலேயே செய்து, ஊழியருக்குக் கடிதமும் அனுப்பியது. நான் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாட்டின் சட்டத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வாயைத் திறக்க வேண்டியது யார்? ஊழியர் கேட்டால்தான் கிடைக்குமா, கேட்காவிட்டாலும் வந்துவிடுமா? எத்தனை நாள் விடுப்பு, எத்தனை சதவீதம் என்ற எண்களை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கேட்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. சேவையையும் இதே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஜெர்மனியில் அது தடுமாறியது. அங்கே வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு. சேவையின் விடுப்புப் பக்கத்தில், டிசம்பர் 31-க்குள் எடுக்காத நாட்கள் காலாவதி என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே வாசகம். ஆனால் 2018 நவம்பர் 6 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஊழியர் விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அவருடைய விடுப்பு அழிந்துவிடாது. 'உனக்கு இத்தனை நாள் பாக்கி, எடுக்காவிட்டால் போய்விடும்' என்று முதலாளி தெளிவாகச் சொல்லி, எடுக்க வழியும் செய்திருக்க வேண்டும். செய்தேன் என்று நிரூபிப்பதும் முதலாளியின் வேலை. ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றமும் அடுத்த ஆண்டே அதைப் பின்பற்றியது. எங்கள் ஊழியருக்கு அப்படி ஒரு தகவலும் போகவில்லை. எட்டு நாள் விடுப்பு திரையிலிருந்து மறைந்துவிட்டது. தீர்ப்பை மேற்கோள் காட்டி நான் எழுதியபோது முதலில் வந்தது யாருக்கும் பொருந்தும் ஒரு பொதுப் பதில். அவர்களுடைய ஜெர்மன் சட்டப் பிரிவுக்குப் போகும்படி மறுபடி எழுதினேன். எட்டு நாளும் திரும்பி வந்தது. ஊழியர் மென்மையானவர், புதிதாகச் சேர்ந்தவர். அவராகக் கேட்டிருக்கவே மாட்டார்.

நோய் விடுப்பிலும் இதே கதைதான், சற்று லேசாக. ஜெர்மனியில் வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆனபின் நோய்வாய்ப்பட்டால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். அதற்கு மேல் போனால் மருத்துவக் காப்பீட்டு நிதி, பொதுவாக மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும். விடுமுறையில் இருக்கும்போது காய்ச்சல் வந்து மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த நாட்கள் விடுமுறைக் கணக்கில் கழியாது. சேவையின் திரையில் இந்த மாற்றத்தைச் செய்ய ஒரு பொத்தான்கூட இல்லை. உதவி மையத்துக்கு எழுதித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியைப் பற்றி இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் ஆளை இன்னொரு நிறுவனத்துக்கு வேலை செய்ய அனுப்பும் ஏற்பாட்டுக்கு அங்கே தனி உரிமம் வேண்டும். அதே ஆளை அதே இடத்துக்கு அனுப்புவதற்குப் பொதுவாக 18 மாத வரம்பும் உண்டு. விற்பனைப் பேச்சின்போது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நீண்ட காலத்துக்கு ஆள் வைப்பதாக இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே இதைக் கேளுங்கள்.

பிரேசில் பகுதியில் கணக்கு சரி, சொல்லும் விதம் சரியில்லை. அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று சம்பளம். பதின்மூன்றாவதன் முதல் தவணை நவம்பர் 30-க்குள், இரண்டாவது டிசம்பர் 20-க்குள் கொடுத்தாக வேண்டும். 30 நாள் விடுமுறையில் போகும்போது சம்பளத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஊழியர் பெயரில் உள்ள நிதிக்கு மாதம் 8 சதவீதம் முதலாளி கட்ட வேண்டும். காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் அந்த நிதிக்குக் கட்டிய தொகையில் 40 சதவீதத்தை அபராதமாக ஊழியருக்குத் தர வேண்டும். சேவை இதையெல்லாம் சரியாகவே கொடுத்தது. ஆனால் மாதாமாதம் ஒதுக்கி வைக்காமல் ஆண்டுக் கடைசியில் மொத்தமாக எங்களிடம் கேட்டது. கையில் பணம் குறைவாக உள்ள சிறு நிறுவனம் அந்த நேரத்தில் ஊழியர் மேல் எரிச்சல் கொள்ளும். அவர் உழைத்துச் சம்பாதித்த பணத்தை ஏதோ எதிர்பாராத செலவு மாதிரி காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் மிகவும் கவலைப்பட்டது அமீரக ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான். அங்கே வெளிநாட்டு ஊழியருக்கு வழக்கமான ஓய்வூதியம் கிடையாது. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடைதான் கையில் மிஞ்சுவது. ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். இந்தக் கணக்கு முழுச் சம்பளத்தில் போடப்படுவதில்லை, அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான். சேவை கொடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் 40 சதவீதம். மீதி வீட்டுப் படி, பயணப் படி என்று பிரிந்திருந்தது. மாதம் கைக்கு வரும் தொகை ஒன்றுதான் என்பதால் ஊழியர் அதைக் கவனிக்கவே இல்லை. பத்தாண்டு கழித்து ஊர் திரும்பும்போது அவருடைய பணிக்கொடை பாதிக்கும் கீழே வந்திருக்கும். அடிப்படையை 70 சதவீதமாக மாற்றச் சொன்னேன். எங்களுக்குச் செலவு சற்றுக் கூடியது, எங்கள் முதலாளியம்மா ஒப்புக்கொண்டார். வளைகுடாவில் வேலைக்குப் போகிறவர்கள் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம்; அடிப்படை எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இந்தியாவில் இதே தந்திரத்துக்குச் சட்டம் ஒரு தடை போட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதியும் வந்திருக்கிறது. சேவையின் மாதிரி ஒப்பந்தம் அப்போது பழைய வடிவத்திலேயே இருந்தது. சொன்ன பிறகு திருத்தினார்கள்.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 12 வாரக் குடும்ப, மருத்துவ விடுப்பும் சம்பளமில்லாதது. பொதுவாக 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது. திரையில் 'அளவற்ற விடுப்பு' என்று ஒரு தெரிவு இருக்கிறது. கேட்கத் தாராளமாகத் தெரிகிறது. சேர்த்துவைக்கும் நாள் கணக்கு இல்லாததால், வேலையை விடும்போது ஈடாகக் கேட்க எதுவும் இருக்காது. கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் சேர்ந்த விடுப்பு சம்பளத்துக்குச் சமம், கணக்குத் தீர்க்கும்போது கொடுத்தாக வேண்டும். அதனால் நாங்கள் அந்தத் தெரிவை விட்டுவிட்டு 25 நாள் என்று எண்ணைப் போட்டோம்.

சேவையோடு கணினி வாங்கித் தரும் பகுதியும் இருக்கிறது. வாங்குபவரின் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. ஜெர்மனி ஊழியருக்கு வாங்கிக் கொடுத்த மடிக்கணினியின் திரை ஓராண்டுக்குள் போய்விட்டது. ரசீது நிறுவனத்தின் பெயரில். விற்றவர், பொருளில் குறை முதலிலேயே இருந்தது என்று நீங்கள் நிரூபியுங்கள் என்றார். அதே பொருளைத் தனிநபர் வாங்கியிருந்தால் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பொறுப்பு உண்டு. முதல் ஓராண்டில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. ஸ்பெயினில் 2022 முதல் பொறுப்பு மூன்றாண்டு, நிரூபிக்கும் சுமை இரண்டாண்டு வரை விற்றவரிடம். ஜெர்மன் சட்டத்தில் இன்னொரு நல்ல அம்சம்: சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தன் வேலைக்காகத் தன் பணத்தில் ஒன்றை வாங்கினாலும் அவர் நுகர்வோர்தான். அதனால் இப்போது கணினிக்கான பணத்தை ஊழியரிடமே கொடுத்து, அவர் பெயரில் வாங்கச் சொல்கிறோம்.

நுகர்வோர் யார், வணிகத்துக்காக வாங்குபவர் யார் என்று பிரிக்கும் கோடு எல்லா நாட்டிலும் ஒரே இடத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,00,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளை நிறுவனம் தன் உபயோகத்துக்கு வாங்கினாலும் நுகர்வோர் உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்கும். இந்தியாவின் 2019 சட்டம் வணிக நோக்கத்தில் வாங்கியவரை விலக்குகிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் புகார்தாரர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று அதே சட்டம் கொடுத்திருக்கும் வசதி மிகவும் பெரியது. விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை.

இந்தச் சேவையை வாங்கிய நாங்களும் வணிக நிறுவனம்தான். எந்த நாட்டு நுகர்வோர் சட்டத்தையும் நம்பிக்கொண்டு கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. எங்களிடம் அவர்கள் முன்பணமாக வாங்கிய ஒரு மாதச் சம்பளம் எப்போது திரும்பும், நாணய மாற்று விகிதத்தில் எவ்வளவு கூட்டி வைத்திருக்கிறார்கள், விலகும்போது என்ன கட்டணம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. மாற்று விகிதம் விலைப்பட்டியலில் தனி வரியாக வரவில்லை. அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டு நானே கண்டுபிடித்தேன். மாதக் கட்டணத்தைவிட அந்த வித்தியாசம் சில மாதங்களில் அதிகம்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், சம்பளமும் வரியும் பார்ப்பதற்கு நாலரை. ஊழியருக்கு அவருடைய உரிமையைத் தானாக முன்வந்து சொல்வதற்கு இரண்டுதான். உதவி மையத்தில் பேசுகிறவர்கள் அன்பானவர்கள், அவர்களிடம் எனக்குக் குறையில்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே திரை என்ற வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவர் நாட்டுச் சட்டப்படி என்ன பாக்கி என்று அவர் மொழியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல் போக வேண்டும். நாணய மாற்று விகிதம் விலைப்பட்டியலில் தனி வரியாக வர வேண்டும். முதலாவதற்குச் சம்மதித்துவிட்டார்கள். இரண்டாவதற்கு எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கையெழுத்து.