திரைப்பிடிப்பின் தரத்தை எங்கே எழுதுவது: கோப்புப் பெயரிலா, பகுப்பிலா?

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய விக்கியில் ஏற்றும் திரைப்பிடிப்பு (காட்சியிலிருந்து எடுத்த படம்) டிவிடியிலிருந்து வந்ததா, ப்ளூ-ரேயிலிருந்து வந்ததா என்பதைக் கோப்புப் பெயரில் குறிக்கலாம், அல்லது ஒரே வகைக் கோப்புகளைத் தொகுக்கும் பகுப்பில் குறிக்கலாம். ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரையே எடுத்துக்கொள்வோம். 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங் வீடியோ டேப்பில் நடந்தது. அதனால் டிவிடியில் காட்சி மங்கல்தான். 2012 முதல் 2014 வரை மூலச் சுருளிலிருந்து புதுப்பித்து ப்ளூ-ரே வெளியிட்டார்கள். ஒரே காட்சிக்கு இப்போது இரண்டு தரங்கள்: அமெரிக்க டிவிடியில் 480 வரி, ப்ளூ-ரேயில் 1080 வரி.

கோப்புப் பெயரிலேயே 'டிவிடி' என்று சேர்த்துவிட்டால், பார்த்ததும் தெரியும். தரவிறக்கினாலும் அடையாளம் கூடவே போகும். சரி, நாளைக்கு ஒருவர் அதே கோப்பின் மேல் ப்ளூ-ரே படத்தை ஏற்றினால்? பெயர் பொய்யாகிவிடும். பல விக்கிகளில் கோப்புப் பெயரை மாற்றும் உரிமை நிர்வாகிகள் போன்ற சிலருக்கு மட்டுமே உண்டு.

கோப்புப் பக்கத்தில் ஒரு வார்ப்புரு (பல பக்கங்களில் இடக்கூடிய தயார்க் குறிப்பு) வைத்து, அதன் வழியாகப் பகுப்பில் சேர்ப்பது இன்னொரு வழி. மூலம் மாறினால் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். 'டிவிடி தரம்' பகுப்பைத் திறந்தால், இன்னும் மாற்ற வேண்டிய படங்கள் வரிசையாக நிற்கும். எனக்கு இதுதான் பெரிய காரணம். இந்தப் பட்டியல் இல்லாமல் மேம்பாட்டு வேலையைத் தொடங்கவே முடியாது. வார்ப்புரு போட மறப்பவர்கள் இருப்பார்கள், உண்மைதான். அப்படி விடுபட்டவற்றில் வேறு பகுப்பும் இல்லாத கோப்புகளை, விக்கியின் பகுப்பற்ற கோப்புகளுக்கான சிறப்புப் பக்கம் காட்டிக்கொடுக்கும்.

ஒரு விஷயம்: இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைன் முழுத் தொடராக ப்ளூ-ரேயில் வரவில்லை. அதற்கு டிவிடிதான் உச்சம். அந்தப் படங்களைத் தனிப் பகுப்பில் வையுங்கள், மாற்றவேண்டியவற்றோடு கலக்காதீர்கள்.