மாலத்தீவின் முன்னாள் அதிபர்களில் யார் சிறந்தவர்: கயூமா, நஷீதா?

மாலத்தீவை 1978 முதல் 30 ஆண்டுகள் ஆண்டவர் மௌமூன் அப்துல் கயூம். கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆறு முறை ஒற்றை வேட்பாளர். மக்கள் 'ஆம்', 'இல்லை' மட்டும் சொல்லலாம். 1988இல் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்று தலைநகர் மாலேயில் இறங்கியபோதும், இந்திய ராணுவம் வந்து அவர் ஆட்சியைக் காப்பாற்றியது.

முகமது நஷீத் சிறைக்கும் வெளிக்கும் அலைந்த பத்திரிகையாளர். 2008இல் கயூமை வாக்குச்சீட்டால் வீழ்த்தினார். மறு ஆண்டே அமைச்சர்களோடு முக்குளிப்பு உடையில் கடலடியில் அமர்ந்து, கைச்சைகையில் பேசி, பலகையில் கையெழுத்திட்டார். கடல்மட்டம் உயர்ந்து நாடு மூழ்கப்போவதை இதைவிட நறுக்கென்று சொல்ல முடியுமா? நாற்காலியைக் காப்பதில் மட்டும் கயூம்தான் கில்லாடி; நஷீத் 2012 பிப்ரவரியிலேயே விலக நேர்ந்தது.

பிறகு, கயூமின் மாற்றாந்தாய் மகனான தம்பி யாமீன் ஆட்சியில் இருவருமே சிறைக்குப் போனார்கள்.