சீட் பெல்ட்டை மட்டும் மறந்தார்கள்: காரைக்குடியில் காரின் சிகரெட் வாடையை எடுத்த அனுபவம்

கடந்த மாசி மாதம் மதுரையில் பழைய கார் விற்கும் ஓரிடத்தில் ஏழு வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கி, கண் பரிசோதனைக்காக அங்கே வந்திருந்த அப்பத்தாவையும் ஏற்றிக்கொண்டு, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பள்ளத்தூருக்கு ஓட்டிவந்தேன். காலைக் குளிர்ச்சி கலையும் முன்னரே வரச்சொல்லி, ஏசியை முன்கூட்டி ஓடவிட்டு, டேஷ்போர்டின் மேல் எலுமிச்சை வாசனைப் புட்டி ஒன்றையும் ஒட்டிவைத்துத்தான் வண்டியைக் காட்டினார்கள். எனக்கும் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதிலும் டயரைத் தடவிப் பார்ப்பதிலும் இருந்த அக்கறை மூக்கில் இல்லாமல் போயிற்று. திருப்பத்தூரைத் தாண்டி வெயில் ஏறியபோது, பின்இருக்கையிலிருந்து அப்பத்தா, “ஏன்ப்பா, இந்த வண்டியில யாரு பீடி குடிச்சது?” என்று கேட்டார். பீடி அன்று, சிகரெட். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவைத்துப் பார்த்தபோது, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு பொசுங்கிய துளையும், அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு மேலே கூரைத்துணியில் டீக்கறை போல ஒரு கீற்றும் தெரிந்தன. முந்தைய உரிமையாளர் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவைத்துப் புகைத்தபடியே வண்டி ஓட்டியவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்த இரண்டு மாதங்கள் அந்த வாடையோடு நான் பட்ட பாட்டையும், கடைசியில் காரைக்குடியில் ஒரு கடைக்காரர் அதை எப்படி எடுத்தார் என்பதையும், அவர் எங்கே கோட்டைவிட்டார் என்பதையும் இங்கே எழுதுகிறேன். கடையில் ஒரு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரை எழுதவில்லை. செக்காலைப் பக்கம் விசாரித்தால், காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் தனியாகச் செய்கிற கடைகள் இரண்டு மூன்று இருப்பது தெரியவரும்.

இந்த வாடையை விரட்டுவது ஏன் இத்தனை கடினம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்தக் கடைக்குப் போனாலும் காசுதான் வீண். சிகரெட் புகையில் உள்ள துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. துணியின் இழைக்குள்ளும், அதன் பின்னாலுள்ள பஞ்சுக்குள்ளும், ஏசிக் குழாயின் கடைசி மூலை வரைக்கும் அவை போய்விடும். அவற்றோடு வரும் தாரும் நிகோடினும் கண்ணாடி, பிளாஸ்டிக், துணி எல்லாவற்றின் மேலும் பிசுபிசுப்பான மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. வெயிலில் வண்டி சூடாகும்போது அந்தப் படலத்திலிருந்து ஆவி கிளம்புகிறது. மழைக்கால ஈரத்திலும் அப்படியே. அதனால்தான் காலையில் இல்லாத வாடை நடுப்பகலில் வருகிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் அடுப்படியைக் கடைசிக் கட்டில் வைத்து, நடுவில் வானம் பார்த்த வளவு ஒன்றையும் விட்டதனால், விருந்து நாளில் பத்து அடுப்பு எரிந்தாலும் முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் புகை எட்டாது. காருக்கு வளவும் கிடையாது, கடைசிக் கட்டும் கிடையாது. நாலு பேர் உட்காரும் ஒற்றை அறையில் ஏழு வருடம் அடுப்பெரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

வாடை மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரப்புகளில் படிந்த நிகோடின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, புற்றுநோய் உண்டாக்கவல்ல நைட்ரோசமைன்களாக மாறுவதைக் காட்டினார்கள். அதிகம் புகைக்கும் ஒருவருடைய வாகனத்தின் உட்புறத்திலேயே அவற்றைக் கண்டெடுக்கவும் செய்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை அந்த இருக்கையை நக்கிக்கொண்டு வருகிற வீட்டில் இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கடைக்குப் போகும் முன் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஒரு சித்தப்பா சாம்பிராணி போடச் சொன்னார். போட்டதில் சிகரெட் வாடையோடு சாம்பிராணி வாடையும் சேர்ந்துகொண்டு, கோயில் வாசலில் நின்று யாரோ புகைப்பது போல இருந்ததுதான் மிச்சம். காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைத்ததில் காப்பி மணந்தது, அவ்வளவே. சமையல் சோடாவை இருக்கையெல்லாம் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் வேக்கம் போட்டு எடுத்தேன். சோடா இலேசான காரப்பொருள்; புளித்த பால், வியர்வை போன்ற அமில வாடைகளை அது கட்டுப்படுத்தும். நிகோடினும் காரத்தன்மை உடையது என்பதால் அதனிடம் சோடா செல்லாது. அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைத்ததும் அப்படித்தான். வாடையை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கும் மேல் உட்பரப்பு கொண்ட, கிளர்வூட்டப்பட்ட கரி வேண்டும், அதுவும் படலத்தைத் துடைத்த பிறகு மிச்சமிருப்பதை வாங்கிக்கொள்ள மட்டுமே உதவும்.

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்கள் இரண்டில் கேட்டபோது, “ஓசோன் மிஷின் அரைமணி நேரம் வச்சா வாடையே இருக்காது சார்” என்று இரண்டு இடத்திலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்கி வண்டிக்குள் விடும் இயந்திரம் அது. மூன்றாவதாகப் போன கடைக்காரர், முப்பது வயதிருக்கும், வண்டியின் விலையையோ கிலோமீட்டரையோ கேட்கவில்லை. வெள்ளை மைக்ரோஃபைபர் துணி ஒன்றில் தண்ணீரும் வெள்ளை வினிகரும் கலந்து நனைத்து, ஓட்டுநர் பக்கத்து வெயில் மறைப்பானை ஒரே இழுப்பாக இழுத்து, துணியைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஆறிப்போன வரக்காப்பி நிறத்தில் இருந்தது. “இது இருக்கிற வரைக்கும் ஓசோன் வச்சுப் புண்ணியமில்லண்ணே. மொத கழுவணும், அப்புறந்தான் மிஷின்” என்றார். வண்டியை அங்கே விட நான் முடிவுசெய்தது அந்தத் துணியைப் பார்த்துத்தான்.

இரண்டரை நாள் வேலை. முதல் நாள் இருக்கைகள் நான்கையும் கழற்றி வெளியே எடுத்து, தரைவிரிப்பையும் உரித்து வெயிலில் போட்டார்கள். இருக்கைக்கு அடியில் சில்லறைக் காசு, திருநீற்றுப் பொட்டலம், பாதி எரிந்த தீக்குச்சிகள் ஆகியவற்றோடு சிகரெட் சாம்பலும் இருக்கைத் தண்டவாளத்தின் கிரீசில் ஒட்டி, கறுப்புக் களிம்பாகக் கிடந்தது. துணி இருக்கைகளுக்கு நுரை தேய்த்து, தண்ணீரை உள்ளே விட்டு அதே குழாயால் உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை மூன்று முறை ஓட்டினார்கள்; முதல் முறை வாளியில் விழுந்த தண்ணீர் கஷாயம் போலவும், மூன்றாம் முறை அரிசி களைந்த நீர் போலவும் இருந்தது.

பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றுக்கு அவர் வினிகர் நீரையே பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. வெண்கலப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அங்கே போலவே இங்கேயும் வேலை செய்வது புளிப்புதான். காரமான நிகோடின் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிடுவதால் நீரில் எளிதாகக் கரைகிறது, எளிதில் ஆவியாவதும் நின்றுவிடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தை மட்டும் நான்கு முறை துடைத்தார்கள். அதுவரை இரவில் எதிர்வரும் விளக்கொளி பூப்பூவாகச் சிதறியதற்குக் கண்ணாடி பழசானதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்.

கூரைத்துணியில்தான் இந்த ஆளின் கைப்பக்குவம் தெரிந்தது. புகை மேலே போவதால் வாடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், ஆனால் இருக்கையைப் போல அதை நனைத்துக் கழுவ முடியாது. துணியைப் பஞ்சோடும், பஞ்சை மேற்பலகையோடும் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்திலும் நீராவிச் சூட்டிலும் விட்டுப்போய், ஒரு மாதத்தில் துணி தொட்டில் போலத் தொங்கிவிடும். அவர் துணியின் மேல் தெளிக்காமல், தன் கைத்துணியில் நுரையைத் தெளித்து, ஒரு சாண் அகலத்துக்கு ஒத்தி ஒத்தி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, அடுத்த சாணுக்குப் போனார். கூரைக்கு மட்டும் நான்கு மணி நேரம் ஆயிற்று. டீக்கறைக் கீற்று முழுவதும் போகவில்லை, வெளிறியிருக்கிறது. அதற்கு மேல் தேய்த்தால் துணி பிய்ந்துவிடும் என்று அவரே சொல்லி நிறுத்திக்கொண்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுத்த நிம்மதி அப்போது வந்தது.

இரண்டாம் நாள் ஏசி. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினார்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியால் ஃபில்டர் சிவந்திருப்பதைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். இது அப்படி இல்லாமல், பழுப்பும் சாம்பலும் கலந்து, கையில் ஒட்டியது. வெளிக்காற்று வராதபடி உள்சுற்றில் ஏசியை வைத்துக்கொண்டு புகைத்தால், உள்ளேயிருக்கும் புகையே திரும்பத் திரும்ப இந்த வழியாக ஓடி, ஃபில்டரிலும் அதற்குப் பின்னாலுள்ள ஈரமான கூலிங் காயிலிலும் படியும். ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் வாடை குப்பென்று வருவது அங்கிருந்துதான். காயிலுக்கான நுரையை அடித்து, அது தண்ணீரோடு கீழ்க்குழாய் வழியாக வடியும் வரை காத்திருந்து, கரி சேர்த்த புதிய ஃபில்டரைப் போட்டார்கள். பழைய கார்களில் சில, ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டு, ஃபில்டரே இல்லாமல் வந்திருக்கும் என்பதால், வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஓசோன் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சிறிய வாக்குவாதம். அவர் இரண்டு மணி நேரம் வைக்கலாம் என்றார். நான் அரைமணியே போதும் என்றேன். ஓசோன் வாடைதரும் மூலக்கூறுகளை உடைக்கும் என்பது உண்மை, கூடவே ரப்பரையும் அது விட்டுவைக்காது. கதவோரத்து ரப்பர்கள் வெடிப்புவிடுவதற்கு அது ஒரு காரணம். மூச்சுக்குழாயையும் அரிக்கும் என்பதால் இயந்திரம் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. நிகோடின் படலம் மிச்சமிருக்கும் இடத்தில் ஓசோனை விட்டால் அது வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு போன்ற வேறு வேண்டாத பொருள்களை உண்டாக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்த செய்திதான், ஆகவே துடைக்காமல் மிஷினை முதலில் வைப்பவர்கள் செய்வது பாதி வேலைகூட இல்லை. கடைசியில் நாற்பது நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டோம். அதன் பிறகு நான்கு கதவுகளையும் திறந்துவைத்து ஒரு பகல் முழுவதும் வேப்பமர நிழலில் விட்டார்கள்; வெல்டிங் பட்டறையில் வருவது போன்ற ஒரு வாடை மறுநாள் வரை இருந்து, தானாகப் போய்விட்டது.

வண்டியை எடுத்துவந்த முதல் வாரம் குறையே இல்லை. பிறகு சித்திரை வெயிலில், தேவகோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து, உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிய அந்த நொடியில் பழைய வாடை. இறங்கினால் இல்லை, பெல்ட்டைக் கழற்றினால் இல்லை, மாட்டினால் மறுபடியும் நெஞ்சுக்கு நேரே வருகிறது. மற்ற எல்லாவற்றையும் கழுவியவர்கள் சீட் பெல்ட்டைக் கழுவவில்லை. கதவோரத் தூணுக்குள் சுருண்டு கிடக்கும் பகுதி ஏழு வருடமாக ஒவ்வொரு முறையும் புகைக்குள் வெளியே வந்து, அதைச் சுமந்துகொண்டு உள்ளே போயிருக்கிறது. வெள்ளைத் துணியை வைத்து இழுத்துப் பார்த்தேன்; அதே வரக்காப்பி நிறம்.

தொலைபேசியில் சொன்னபோது கடைக்காரர் மழுப்பவில்லை. “நெசந்தாண்ணே, எப்பவுமே விட்டுப்போயிருது. கொண்டாங்க” என்றார். “எப்பவுமே” என்றதுதான் எனக்கு உறுத்தியது, ஏனென்றால் தெரிந்தே விடுகிற குறைக்கு மன்னிப்புக் கிடையாது. பள்ளத்தூரிலிருந்து இதற்காக மறுபடியும் போவானேன் என்று நானே செய்தேன்: பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, திரும்ப ஓடாமலிருக்க மேலே ஒரு கிளிப்பைப் போட்டு, மிதமான சோப்பு நீரில் இரண்டு முறை துடைத்து, பிறகு வினிகர் நீரில் ஒருமுறை துடைத்து, இரவு முழுக்க அப்படியே காயவிட்டேன். பிளீச்சிங் எதுவும் போடக் கூடாது. இழை பலவீனப்பட்டால் பெல்ட் இருந்தும் பயனில்லை. ஈரத்தோடு உள்ளே விட்டால் பூஞ்சை பிடித்து வேறொரு வாடை தொடங்கும். நான்கு பெல்ட்டுக்கும் சேர்த்து இரண்டு மாலைகள் ஆயின.

மொத்தச் செலவு 4,200 ரூபாய். ஃபில்டர் அதில் அடக்கம். ஓசோன் மட்டும் வைப்பவர்கள் 800 ரூபாய் கேட்டார்கள், அதற்கு அவர்கள் செய்வதும் 800 ரூபாய் வேலைதான். இரண்டரை நாள் இரண்டு ஆள் உழைத்த உழைப்புக்கும், குறிப்பாக அந்தக் கூரைத்துணி வேலைக்கும், நான் கொடுத்தது நியாயமான கூலி என்றே நினைக்கிறேன். சொன்ன நாளில் வண்டியைத் தரவில்லை, அரை நாள் தாமதம். ரசீது கேட்டபிறகுதான் எழுதினார்கள். தரைவிரிப்பைத் திரும்பப் பொருத்தியதில் இடது முன்பக்கம் ஒரு கிளிப் விட்டுப்போய் விரல் நீளத்துக்குத் தூக்கி நிற்கிறது. அடைமழை நாளில், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் முதல் இரண்டு நிமிடம் மிக மெல்லிதாக ஏதோ இருப்பது போல எனக்குத் தோன்றுவதுண்டு. மனைவி அப்படி எதுவும் இல்லை என்கிறார், அப்பத்தா வாயைத் திறக்கவில்லை.

யாராவது அந்தக் கடைக்குப் போனால், வண்டியை விடும்போதே சீட் பெல்ட்டையும் கழுவச் சொல்லி, சொன்னதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவராகச் செய்யமாட்டார்.