தொலைநோக்கை அறிவிப்பதா, குழுவோடு சேர்ந்து வடிப்பதா?

நீண்டகால இலக்கைத் தலைவரே தீர்மானித்து அறிவிப்பது ஒரு வழி. முதல் வரைவைக் குழுவின் முன் வைத்து, அவர்களுடைய திருத்தங்களோடு முடிவு செய்வது இன்னொரு வழி.

அறிவிப்பு வேகமானது, நெருக்கடியில் அதுவே பொருத்தம். 1961-இல் கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1969-இல் அது நிறைவேறியது. அந்த இலக்கில் தெளிவும் கெடுவும் இருந்தன. 'முதலிடம் பிடிப்போம்' என்ற வழக்கமான அறிவிப்பில் இரண்டுமே இருப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் கணக்குப் பிரிவில் இருப்பவர் பழைய கோப்பைத்தான் மீண்டும் திறக்கிறார், ஏனெனில் அவருடைய நாளைய வேலையில் எது மாறும் என்று யாரும் சொல்லவில்லை.

சேர்ந்து வடிப்பதற்குச் சான்றாக ஜப்பானிய நிறுவனங்களில் வளர்ந்த 'ஹோஷின் கன்ரி' முறையைச் சொல்லலாம். மேலிடம் தரும் இலக்கை ஒவ்வொரு நிலையினரும் பந்தைப் போலப் பிடித்து, 'இதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும், இந்தக் கெடு போதாது' என்ற பதிலோடு திருப்பி அனுப்புகிறார்கள். உடன்பாடு வரும் வரை இது தொடர்கிறது. நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. இருந்தாலும், தான் திருத்திய ஒரு வரியை அந்த இலக்கில் காண்பவர் அதைத் தன்னுடையதாகவே காப்பார் என்பதால், நெருக்கடி இல்லாத காலத்தில் நான் இதையே பரிந்துரைப்பேன். ஒருவருடைய கருத்து ஏற்கப்படாதபோது அதற்கான காரணத்தை அவரிடமே சொல்லிவிட மட்டும் தவறக் கூடாது.