சென்னை வெயிலும் காதுக்குப் பின்னால் ஒரு திருகும்

லண்டனிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் பல்லைக் கட்டிக்கொள்வார்கள், கண்ணாடி மாற்றிக்கொள்வார்கள். நான் இந்த முறை காதுக்காக அலைந்தேன். நான் போட்டிருப்பது எலும்பு வழியே கேட்க வைக்கும் காது மெஷின். அதற்காக என் இடது காதுக்குப் பின்னால் மண்டை எலும்பில் டைட்டானியத் திருகு ஒன்று இருக்கிறது. தோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் அதன் தண்டில் புராசஸரை, அதாவது ஒலியை வாங்கும் குட்டி மெஷினை, டிச்சுப் பட்டன் மாதிரி மாட்டினால், ஒலி அதிர்வாக எலும்பு வழியே நேராக உள்காதுக்குப் போய்விடும்.

சித்திரை வெயில் வேர்வையில் தண்டைச் சுற்றித் தோல் சிவந்து கசியத் தொடங்கியது. மயிலாப்பூரில் ஒரு ஈ.என்.டி. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஹோல்கர்ஸ் ரெண்டு" என்றார். தண்டைச் சுற்றித் தோல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு 0 முதல் 4 வரை போகும் கணக்கு அது. 1 என்றால் லேசான சிவப்பு, 2 என்றால் ஈரமும் சேரும், 3-இல் சதை வளரும், 4 என்றால் கழற்றவேண்டியதுதான். களிம்பு எழுதிக் கொடுத்தார், மெல்லிய பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யச் சொன்னார். ஃபீஸ் மிகக் குறைவு. டோக்கன் வாங்கிக் காத்துக்கிடந்தது வேறு கதை.

கூட வந்த அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ். சாதாரண மெஷினைச் செருகிக் காதை அடைத்தால் இன்னும் வடியும். "ஏண்டி, மண்டையில ஓட்டை போட்டு வைக்கிறது எத்தனை வருஷம்டி தாங்கும்?" என்று என்னைக் கேட்டாள். டாக்டர் பதில் சொன்னார்: "1977-லயே ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல ஆரம்பிச்சாச்சும்மா. எலும்பு திருகோட ஒட்டி வளர்ந்துடும். கழண்டு வர்றது கொஞ்சம் பேருக்குத்தான், அதுவும் குழந்தைகளுக்கு ஜாஸ்தி. பெரிய தொல்லை தோல்தான்." வயதாகி உள்காதும் மந்தமானால்? உள்காதின் குறை 45 டெசிபல் வரை இருந்தால் சாதாரண புராசஸரே ஈடுகொடுக்கும். அதைத் தாண்டினால் அதே திருகில் வலுவானதை மாட்டிக்கொள்ளலாம், மறுபடி ஆபரேஷன் வேண்டாம்.

தண்டே வேண்டாம் என்பவர்களுக்கு ஒசியா, போன்பிரிட்ஜ் என்ற வகைகள் உண்டு. அதிரும் பகுதி தோலுக்கடியில் இருக்கும், வெளியே புராசஸரைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். தோல் தொல்லை குறைவு. ஆனால் உள்ளே பழுதானால் திரும்பக் கத்திதான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் உள்ளே இருப்பது எந்த மாடல், ஸ்கேன் மெஷினின் காந்த வலு எத்தனை டெஸ்லா என்று பார்த்தாக வேண்டும். அத்தைக்கோ முட்டியில் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எப்போதோ சீட்டு எழுதியாகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் புராசஸரைத் தலையில் கட்டும் பெல்ட்டில் மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஆடியாலஜிஸ்ட் தலையில் கட்டிவிட்டதும் அத்தை என் பக்கம் திரும்பி, "ஏன் இப்படிக் கத்தறே?" என்றாள். வீட்டில் எல்லோரும் அவளிடம் அப்படித்தான் பேசுவோம்!

எரிச்சல் வந்தது சர்வீஸில். என் புராசஸர் கரகரத்தது. போன இடத்தில், "ஃபாரின் பீஸ் மேடம், இங்க வாரண்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு லண்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை பார்த்துக்கொள்ளும். இங்கே போட்டுக்கொள்கிறவர்களுக்குத் திருகு ஒருமுறைச் செலவு, புராசஸர் சில ஆண்டுகளுக்கொருமுறை கைக்காசு, அதுவும் லட்சக்கணக்கில். பத்து வருஷம் கழித்து உதிரிப் பாகம் யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள். புராசஸருக்குப் போடும் 312 நம்பர் பேட்டரி காது மெஷின் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததுமே பேட்டரி தீர ஆரம்பித்துவிடும். கடல் காற்று ஊரில் ராத்திரி புராசஸரை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

அத்தை தண்டு வகைக்குத்தான் சாய்கிறாள். ஆடி கழியட்டும் என்கிறாள்.