பேசும் படம் (1987): ஊமைப்படம்னு யாரு சொன்னது?

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ண பக்கத்துல உக்கார வச்சு மறுபடியும் பேசும் படம் பாத்தேன். முதல் பத்து நிமிஷம் "எப்ப மாமா பேசுவாங்க"ன்னு நச்சரிச்சுட்டே இருந்தா, அந்த பிச்சைக்காரர் கமலுக்கே நோட்டெடுத்து காட்டி கெத்து காட்டற சீன் வந்ததும் கேக்கறத விட்டுட்டா.

எல்லாரும் இத ஊமைப்படம்னு சொல்றாங்க, எனக்கு அது சரியா படல. வசனம்தான் இல்ல, சத்தம் படம் பூரா இருக்கு, சொல்லப்போனா கதையே சத்தத்துலதான் ஓடுது. கமல் ரூம் பக்கத்துல சினிமா தியேட்டர், ராத்திரியெல்லாம் சண்டை சீன் டிஷ்யூம் டிஷ்யூம்னு காதுல விழும். குடிச்சுட்டு ரோட்ல கிடந்த பணக்காரர கட்டிப்போட்டுட்டு அவர் சாவிய எடுத்துட்டு பெரிய ஓட்டலுக்கு போயிடுவாரு, அங்க மெத்து மெத்துனு கட்டில், ஏசி, ஆனா தூக்கம் மட்டும் வராது. கடைசில பழைய இடத்துக்கே போய் அந்த சண்டை சத்தத்த டேப்ல பதிஞ்சு எடுத்துட்டு வந்து ஓட விட்டு தூங்குவாரு பாருங்க, இதயே வசனமா எழுதியிருந்தா சவசவன்னு போயிருக்கும்.

சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்‌ஷன், எல். வைத்தியநாதன் மியூசிக். பேச்சே இல்லாததால டப்பிங் செலவும் இல்ல, கன்னடத்துல புஷ்பக விமானா, இந்தில புஷ்பக், நமக்கு பேசும் படம்னு பேர மட்டும் மாத்தி விட்டுட்டாங்க.

குறை இல்லாம இல்ல. கமலும் அமலாவும் தூரத்துல நின்னு ஜாடையிலயே பழகறது அழகு, அங்க வசனம் தேவையே இல்ல, ஆனா பக்கத்து பக்கத்துல நிக்கும்போதும் வாய தைச்ச மாதிரி நிக்கறப்ப டைரக்டர் சொல்லித்தான் சும்மா இருக்காங்கன்னு தெரிஞ்சுடுது. கூலிக்கு கொல்ல வர்ற டினு ஆனந்த் ஐஸ் கத்தியோட அலையறது மட்டும் எத்தன தடவ பாத்தாலும் சிரிப்புதான், கொல்ல போனா கத்தி உருகுதுய்யா!

போன நோண்டிட்டே பாத்தீங்கன்னா ஒண்ணும் புரியாது, குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள ஒரு ஜோக் போயிருக்கும். அப்புறம் தயவுசெஞ்சு சாப்பாட்டு நேரத்துல போடாதீங்க, கட்டிப்போட்ட ஆளோட 'சமாச்சாரத்த' கிஃப்ட் பேப்பர் சுத்தி கமல் தூக்கிட்டு அலையறப்ப நாங்க தயிர் சாதத்த பிசைஞ்சுட்டு இருந்தோம்.