இருபது பேருக்கு ஒரு தீவு: லாசரஸா, செந்தோசாவா?

சிங்கப்பூரின் விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாலம் வழியாக செந்தோசா தீவுக்கு நடந்து போனால் நுழைவுக் கட்டணம் இல்லை. லாசரஸ் தீவுக்கோ, மரினா சவுத் பியர் படகுத்துறையிலிருந்து படகில் போய்வரப் பெரியவர் ஒருவருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் ஆகிவிடும். 20 பேர் என்றால் படகுக்கே 300 வெள்ளி. மலிவு மட்டும்தான் வேண்டும் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு செந்தோசாவுக்குக் கிளம்பலாம். ஆனாலும் பத்துப் பேருக்கு மேல், கை கால் திடமாக உள்ளவர்கள் சேர்ந்து போவதானால் எங்கள் ஓட்டு லாசரஸுக்குத்தான். நாங்கள் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான் என்பதால் சாய்வு இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் பட்டியலிலிருந்து விழுந்தவை. புலாவ் உபின் எல்லாவற்றிலும் எளிது. சாங்கி பாயின்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கொண்டுபோவது நல்லது. ஆனால் அது சைக்கிள் ஓட்டவும் செக் ஜாவா சதுப்புநிலத்தில் நடக்கவும் ஏற்ற தீவு. கடலில் இறங்கிக் குளிக்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டி அழைத்துப் போனால் ஜோகூர் நீரிணையின் கலங்கல் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இந்தோனேசியத் தீவுகளான பாத்தாம், பிந்தான் இரண்டும் அழகுதான். ஆனால் படகுக் கட்டணமே லாசரஸைப் போலச் சில மடங்கு. குழுவில் ஒருவருடைய கடப்பிதழ் ஆறு மாதத்துக்குள் காலாவதியாவதாக இருந்தால் அவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூப்பியா. இந்தோனேசியக் கடிகாரம் அங்கே நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பும் படகின் நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளாமல் போனால் குழப்பம் நிச்சயம். ஒரே நாளில் போய்த் திரும்பும் சிக்கனப் பயணத்துக்கு இந்த இரண்டும் தோதுப்படாது.

செந்தோசாவின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாதவர் 4 வெள்ளி கொடுத்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறலாம், திரும்பி வரக் கட்டணமில்லை. 123ஆம் எண் பேருந்தில் வழக்கமான பேருந்துக் கட்டணத்தோடு உள்ளேயே போய் இறங்கலாம். தீவுக்குள் ஓடும் பேருந்துகளும் இலவசம். சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று மூன்று கடற்கரைகள், உப்பு நீரைக் கழுவிக்கொள்ளக் குழாய், கழிப்பறை, கூப்பிடு தூரத்தில் கடை. சக்கர நாற்காலியில் வரும் தாத்தா, ஆறு மாதக் குழந்தை, சர்க்கரை மாத்திரை நேரத்துக்குப் போட வேண்டிய அத்தை என்று குழு கலவையாக இருந்தால் செந்தோசாதான், யோசிக்கவே வேண்டாம்.

சிக்கல் பணப்பையில்தான். நுழைவு இலவசமாக இருக்கும் இடத்தில் தின்பண்டமும் விளையாட்டும் இலவசமில்லை. பிள்ளைகளின் கண்ணெதிரே ஐஸ்கிரீம், பெரியவர்களின் கண்ணெதிரே குளிர்பானம், கொஞ்ச தூரத்தில் கட்டணம் கட்டி ஏறும் விளையாட்டுகள். கட்டிக்கொண்டு வந்த சோறு பையிலேயே இருக்க, மதியம் பாதிப் பேர் உணவுக்கடையில் நிற்பார்கள். ஒருவருக்கு ஒரு சாப்பாடும் ஒரு பானமும் என்றாலே லாசரஸ் படகுக் கட்டணம் போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம், குழு நாலு திசையாகப் பிரிந்துவிடுவது. லாசரஸிலும் அண்மைக் காலத்தில் தங்கும் சிறு குடில்களும் சின்னக் கடையும் முளைத்திருக்கின்றன. ஆனால் இருபது பேரை அந்தக் கடையை நம்பி அழைத்துப் போக முடியாது. செலவழிக்க வழியில்லாத தீவு என்பதுதான் அதன் சிக்கனம்.

அந்தச் சிக்கனத்துக்கு வேறொரு விலை உண்டு. காசாகக் கொடுக்காததைத் தோளில் சுமந்து கொடுக்க வேண்டும். தேர்வை முடிவு செய்வது இந்தச் சுமைதான். டிக்கெட் விலை அடுத்ததுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வழக்கமான படகுகள் உங்களை இறக்கிவிடுவது செயின்ட் ஜான்ஸ் தீவின் துறையில். லாசரஸ் அதோடு தரைப்பாலத்தால் இணைந்த பக்கத்துத் தீவு. துறையிலிருந்து பிறை வடிவக் கடற்கரை வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெறுங்கையோடு பதினைந்து நிமிடம், சுமையோடும் பிள்ளைகளோடும் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை போட்ட வழிதான், ஆனால் நிழல் எல்லா இடத்திலும் இல்லை.

இப்போது 20 பேருக்கான எடைக் கணக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வெயிலில் இருப்பவருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மொத்தம் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. கட்டுச்சோறும் நொறுக்குத் தீனியும் 12 கிலோ. ஐஸ் 10, ஐஸ் பெட்டி 4, தார்ப்பாயும் பாய்களும் 6. கூட்டினால் 82 கிலோ. அதில் ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள் என்றால் மீதி 15 பேருக்குத் தலைக்கு ஐந்தரை கிலோ. இப்படிப் பிரித்துக்கொண்டால் பள்ளிப் பை கனம்தான், யாருக்கும் தோள் வலிக்காது.

கெட்டுப்போவது எங்கே என்றால், பிரிக்காமல் ஒன்றாகக் கட்டுவதில். ஐம்பது லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஐஸ், பழம் எல்லாவற்றையும் அடைத்தால் பெட்டி 40 கிலோவைத் தொடும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அது சக்கரத்தில் சிரித்துக்கொண்டு உருளும். ஆடுகிற படகிலிருந்து துறைக்கு அதைத் தூக்கிக்கொடுக்கும்போது இரண்டு பேருக்கு இடுப்பு பிடிக்கும். கடைசியில் மணலில் கால் வைத்ததும் சக்கரம் புதைந்து பெட்டி கலப்பை மாதிரி உழும். மடக்குத் தள்ளுவண்டிக்கும் இதே கதிதான், சிறிய பிளாஸ்டிக் சக்கரம் பாதை முடியும் வரைதான் உதவும். தள்ளுவண்டி கொண்டுபோனால் அகலச் சக்கரம் உள்ளதாகவும், காலியாக இருக்கும்போது ஒருவரே தூக்கக்கூடியதாகவும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் முதுகுப் பையே மேல்.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், வீட்டுக் குழாய்த் தண்ணீரே போதும். ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் பாதியை முந்தின இரவே உறைபெட்டியில் படுக்க வைத்துவிடுங்கள். முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரியும், விளிம்பு வரை நிரப்பியது அடி புடைத்துப் பிதுங்கி நிற்கும், சில சமயம் மூடி ஓரத்தில் கசியும். மறுநாள் காலை மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறைத்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டில்களே ஐஸாக வேலை செய்து, பிறகு மதியத்துக்கு மேல் குடிநீராகிவிடும். தனியாக வாங்கும் ஐஸ் 10 கிலோவில் பாதி இப்படிக் கழன்றுவிடும். ஆளுக்கொரு உறைந்த பாட்டிலும் ஒரு சாதா பாட்டிலும் அவரவர் பையில் என்று முதல்நாளே குழுவில் தகவல் அனுப்பிவிடுங்கள். பொதுவில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டில்தான் நம்மவர்களுக்குச் சபலம். தேக்கா சந்தையிலிருந்து பிரியாணி பொட்டலம் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் சமைத்த உணவை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. அதனால்தான் உணவு விநியோகிப்பவர்கள் பெட்டியின்மேல் நேரத்தைக் குறிக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கட்டிய பிரியாணி, படகு பிடித்து, நடந்து, குளித்துவிட்டு மதியம் ஒன்றரைக்குத் திறக்கும்போது ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். வெதுவெதுப்பில் மூடிக் கிடந்த சோற்றிலும் கறியிலும் கிருமி பெருக அது தாராளமான நேரம். பிரியாணிதான் வேண்டும் என்றால் பதினோரு மணிக்கே சாப்பிட்டு முடியுங்கள்.

எங்கள் பரிந்துரை புளியோதரை. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் கெடுவதைத் தாமதப்படுத்தும், ஆனாலும் அந்த நாலு மணி நேரக் கணக்கு இதற்கும் உண்டு. தேங்காய் சேர்க்கக் கூடாது. சோற்றை அகலத் தட்டில் ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைச் சூடு தணிந்த பிறகு கலந்து, ஆவி போன பின்பே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி மேல் அடுக்கைக் கெடுக்கும். ஆளுக்கு 350 கிராம் தாராளம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குச் சிப்ஸ், ஊறுகாய் போதும். அவித்த முட்டை, துவையல் இவை வெயிலுக்கு ஆகாதவை. தயிர் சாதம் வேண்டும் என்பவர்கள் தயிரை மட்டும் உறைந்த பாட்டில்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோய் அங்கேயே கலந்துகொள்ளட்டும். செயின்ட் ஜான்ஸில் பூனைகள் ஏராளம். பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினால் அவை பங்கு கேட்கும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர நாலு பெரிய பைகள் போதும்.

செலவை எழுதினால் இப்படி வரும்: படகு 300, எம்ஆர்டி போக வர 80 வரை, வீட்டுச் சமையல் 90, ஐஸும் இதரமும் 15. மொத்தம் 485, தலைக்கு 24 வெள்ளி சொச்சம். பிள்ளைகளுக்குப் படகுக் கட்டணம் குறைவு என்பதால் இன்னும் இறங்கும். இதே கட்டுச்சோற்றோடு செந்தோசாவுக்கு நடந்து போய், அங்கே ஒரு காசு கூடச் செலவழிக்காமல் திரும்பினால் தலைக்கு ஒன்பது வெள்ளி சொச்சத்தில் முடியும். அப்படித் திரும்பும் மன உறுதி உள்ள குழுக்களுக்கு எங்கள் வணக்கம்.

படகைப் பற்றி மூன்று விஷயம். இரண்டு நிறுவனங்கள் ஓடுகின்றன, ஒன்றின் டிக்கெட்டில் மற்றதில் ஏற முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஒருவரே ஒரே இடத்தில் எடுக்கட்டும். படகுகள் பெரும்பாலும் செயின்ட் ஜான்ஸ், பிறகு பக்கத்திலுள்ள கூசு தீவு, பிறகு மரினா சவுத் என்று ஒரே திசையில் சுற்றும். ஒரே டிக்கெட்டில் இரண்டு தீவும் பார்க்கலாம், ஆனால் கூசுவுக்குப் போனபின் லாசரஸில் விட்ட தொப்பிக்காகத் திரும்ப முடியாது. வார நாளில் படகுகள் குறைவு, கடைசிப் படகும் சீக்கிரம். நேர அட்டவணையை அந்த வாரத்திலேயே பார்த்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின படகைக் குறிவையுங்கள். வார இறுதியில் கடைசிப் படகுக்கு வரிசை நீளும், அதுவும் போய்விட்டால் தனிப் படகு பேச வேண்டும், மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் கரையும். கடற்கரையிலிருந்து துறைக்கு அரை மணி நேரம் என்பதை மறந்தவர்கள்தான் ஓடுகிறார்கள்.

நீச்சலுக்கு லாசரஸின் வளைகுடா அமைதியானது, ஆனால் உயிர்காப்பாளர் இல்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கரையில் நிற்க ஆள் குறித்துவிடுங்கள், அரை மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஜெல்லிமீன் தென்கரைக் கடலில் தென்படுவதுண்டு, முழுக்கைச் சட்டையும் ஒரு சிறு பாட்டில் வினிகரும் கூடவே இருக்கட்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அதிகம், காலை முதல் படகில் போவதற்கு அதுவே போதிய காரணம். இடி கேட்டதும் மணலையும் மரத்தடியையும் விட்டுக் கூரையுள்ள இடத்துக்கு நகர வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் சுமை தூக்க முடியாது, செந்தோசாவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கூசு இருக்கிறது. அதே படகு, அதே டிக்கெட். துறையில் இறங்கிச் சில நிமிடத்தில் குளிக்கும் இடம், நிழலுள்ள இருக்கைகள். தீவு சிறியது, இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுக்கும். சீனர்களின் துவா பெக் கோங் கோயிலும், குன்றின்மேல் படியேறிப் போகும் கெராமாத்துகளும் (மலாய்ப் புனிதர்களின் நினைவிடங்கள்) வழிபாட்டு இடங்கள் என்பதால் நீச்சல் உடையோடு உள்ளே போக வேண்டாம்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் மட்டும் இரண்டு தீவையும் ஒத்திவையுங்கள். கூசு யாத்திரைக் காலம் அது. படகு அட்டவணையும் கட்டணமும் மாறும், மரினா சவுத் பியரில் கூட்டம் அலைமோதும். நம் தீபாவளியும் அமாவாசைக் கணக்கில் வருவதால் அந்த விடுமுறை பெரும்பாலும் இந்த மாதத்தை ஒட்டியே விழுகிறது. தீபாவளிக்கு மறுநாள் போகலாம் என்று யாராவது சொன்னால், முதலில் சீன நாட்காட்டியைப் புரட்டச் சொல்லுங்கள்.